முகத்தை விடு, காலைப் பார்: குவான்யின் பற்றி யாழினிக்கு

அன்புள்ள யாழினி,

சீன பௌத்தர்கள் கருணையின் வடிவமாக வணங்கும் குவான்யின் ஆணா, பெண்ணா என்று கேட்டிருந்தாய். சீனக் கோயில் சிலைகளைப் பார்க்கிற பலரும் இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்து போனபோது அவர் அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர், அதாவது பிறர் துயர் தீர்க்க உலகில் நிற்கும், புத்தராகப் போகிறவர். நகை பூண்ட இளவரசர். வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுப் பட்டு ஓவியங்களில்கூட மெல்லிய மீசை இருக்கிறது. ஹெனான் பகுதிக் கோயில் ஒன்றில் 1100இல் வெட்டிய கல்வெட்டு, தந்தையின் நோய் தீரக் கண்களையும் கைகளையும் கொடுத்த இளவரசி மியாவ்ஷானின் கதையைச் சொல்லி, அவளே குவான்யின் என்கிறது. மிங் காலத்தில் தெஹுவா ஊரின் சிற்பி ஹ சாவ்சொங் வெள்ளைப் பீங்கானில் வடித்தது முழுக்கப் பெண்ணுருவம். இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூல் அவருக்குச் சொல்லும் 33 வடிவங்களில் பெண் வடிவங்களும் உண்டு.

ஆனால் யாழினி, முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார். எனக்கு அங்கேதான் சீனக் கலைஞர்களின் மேதைமை தெரிகிறது.

அதுவரை போதிசத்துவர்கள் பெரும்பாலும் நேர்முகமாக, தாமரைப் பீடத்தில், வணங்கப்படுவதற்கென்றே இருந்தார்கள். எட்டாம் நூற்றாண்டு ஓவியர் ஜோ ஃபாங் ‘நீர்-நிலா’ வடிவத்தைப் படைத்தார் என்று 847இல் ஓவிய வரலாறு எழுதிய ஜாங் யன்யுவான் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரோரம் பாறை, பின்னால் மூங்கில், உடலைச் சுற்றி நிலா வட்டம், அதற்குள் சாவகாசமாக அமர்ந்த குவான்யின். பாரிஸில் கிமே அருங்காட்சியகத்தில் உள்ள 943ஆம் ஆண்டுத் துன்ஹுவாங் ஓவியத்தில், குவான்யினின் ஆயிரம் கை உருவத்துக்குக் கீழே, ஓரத்தில் இந்த வடிவம் இருக்கிறது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள மரச்சிற்பம் சுமார் 2.4 மீட்டர் உயரம். ஒரு முழங்காலை உயர்த்தி, அதன்மேல் கையைப் போட்டு, மற்றக் காலைக் கீழே தொங்கவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து நம் பேச்சைக் கேட்பவர்போல் இருக்கிறார். அவ்வளவு பெரிய உருவத்தில் இத்தனை இயல்பை வேறெங்கும் நான் கண்டதில்லை.

சீனாவில் ஜெங்டிங் நகரின் லோங்சிங் கோயிலில், 1052இல் கட்டிய மண்டபத்தின் பின்சுவரில் இன்னொரு குவான்யின் இருக்கிறார். மற்றத் தெய்வங்கள் தெற்கு நோக்க, இவர் வடக்கு நோக்கி, ஒரு காலை மடித்து மற்றதன்மேல் வைத்து முழங்காலைக் கைகளால் கோத்திருக்கிறார். சீன எழுத்தாளர் லூ சுன் இவருடைய புகைப்படத்தை மேசையில் வைத்திருந்தார்.

சரி, நீர்-நிலா வடிவத்தில் அவர் அமரும் அந்தப் பாறை எது? பௌத்த நூல்கள் அவருடைய இருப்பிடமாகச் சொல்லும் பொதலக மலை. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி சுவான்சாங் அதைத் தென்னிந்தியாவில், மலய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். அடிவாரத்தில் வேண்டுவோருக்கு அவலோகிதேஸ்வரர் சில சமயம் ஈசுவரனாகவும் சில சமயம் நீறு பூசிய துறவியாகவும் தோன்றுவாராம். வடிவம் மாறுவது சீனாவில் தொடங்கவில்லை, பார்த்தாயா! அந்த மலை நம் பொதிகைதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. பொதிகை அகத்தியர் மலை. அந்த அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று பதினோராம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரர் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூலில் சொல்கிறார். இவை சேர்ந்து வருவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். சீனர்களோ ஜெஜியாங் கடலோரத் தீவு ஒன்றுக்கு, பொதலகத்தின் சீன வடிவமான புதோ என்று பெயரிட்டு, மலையையே தங்கள் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகவே, உன் கல்லூரிக் கட்டுரையில் ஆண்-பெண் விவாதத்தை ஒரு பத்தியோடு நிறுத்து. மீதியைப் பாறைக்கும் கால்களுக்கும் கொடு. 943ஆம் ஆண்டு ஓவியத்திலிருந்து தொடங்கு; ஆண்டு தெரிந்த படம் என்பதால் மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம். மூங்கிலை, நிலா வட்டத்தை, நீரை எந்த ஓவியர் வைத்துக்கொண்டார், எவர் விட்டார் என்று குறித்துக்கொண்டே போ. வரைந்து பார்ப்பதானால் தொங்கும் காலிலிருந்து ஆரம்பி.

அன்புடன்,
பெரியம்மா