ஒரே தீவு, ரெண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொத்து வரி 6 சதவீதம் ஏறுனது பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தியைப் படிச்சேன். உள்ள எழுதுனதெல்லாம் சரிதான், ஆனா தலைப்புல "வீட்டு வரி"ன்னு மொட்டையா போட்டுட்டீங்க, வினையே அங்கதான் ஆரம்பிக்குது. எங்க தீவுல ராமேஸ்வரம் நகராட்சி, இந்தப் பக்கம் தங்கச்சிமடமும் பாம்பனும் ஊராட்சி. ஆட்டோ ஏறுனா கொஞ்ச நேரத்துல போயிடலாம், ஆனா வரிக்கு ரெண்டும் வேற உலகம். பேப்பர் வந்த அன்னைக்கே தங்கச்சிமடத்துல இருந்து எங்க அக்கா போன் பண்ணி "எங்களுக்கும் 6 சதவீதம் ஏத்திட்டாய்ங்களாமே தம்பி"ன்னு கேக்குது. அந்த 6 சதவீதம் 2024 அக்டோபர்ல மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி சொத்து வரிக்கு வந்தது, அக்கா கட்டுறது ஊராட்சி வீட்டு வரி, அது ஊரக வளர்ச்சித் துறை கணக்கு, வெப்சைட்டே வேற.

இதுல மக்களைக் குத்தம் சொல்ல முடியாது சார். 2022ல சொத்து வரியை ஏத்துனப்போ எங்கள மாதிரி நகராட்சியில 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 601ல இருந்து 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100ன்னு படி வச்சாங்க. அப்ப 590 அடி வீடும் 610 அடி வீடும் ஒண்ணு கெடையாதுல்ல? ஆனா வரி கட்டச் சொல்லி டிமாண்டு நோட்டீஸ் வந்ததும் எல்லாரும் கடைசி லைன்ல இருக்குற மொத்தத் தொகையை மட்டும் பாத்துட்டு கவர்மெண்ட வஞ்சிட்டு மடிச்சு வச்சிடுறாங்க. எத்தனை சதுர அடின்னு போட்டுருக்கு, குடியிருப்பா கடையான்னு எப்படி எழுதிருக்குன்னு பாக்கணும். எங்க தெருவுல ஒரு வீட்டுல முன்னாடி ரூம்ல முன்ன பெட்டிக்கடை இருந்துச்சு, கடையை எடுத்து பல வருஷம் ஆகியும் ரெக்கார்டுல அது கடையாவே இருந்துச்சு, அவங்களும் கடை ரேட்லயே கட்டிட்டு இருந்தாங்க, எழுதிக் கொடுத்த பெறகுதான் மாறுச்சு. நோட்டீஸ்ல நூலக வரின்னு ஒரு வரி இருக்கும், சொத்து வரியில ரூபாய்க்கு 10 பைசா, அது எல்லாருக்கும் உண்டு, அதுக்கு சண்டைக்குப் போயி பிரயோஜனம் இல்ல.

சலுகை பத்தி பேசுறவங்க ரொம்ப, தெரிஞ்சவங்க கம்மி. கோயில், பள்ளிவாசல், சர்ச்சுக்கு வரி கெடையாதுங்குறது வழிபாடு நடக்குற கட்டடத்துக்குத்தான், அதை ஒட்டி வாடகைக்கு விட்ட கடைகளுக்கு இல்ல. நம்மள மாதிரி சாதா வீட்டுக்காரனுக்கு கைக்கு எட்டுற சலுகை ஒண்ணே ஒண்ணு, அரையாண்டு ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள கட்டுனா 5 சதவீதம் கழிவு, அதிகபட்சம் 5,000 ரூபாய். ஏப்ரல் 30, அக்டோபர் 30, இந்த ரெண்டு தேதிதான். இழுத்துப் போட்டா மாசத்துக்கு 1 சதவீதம் வட்டி வேற. வீட்டை வாடகைக்கு விட்டவங்க இன்கம்டாக்ஸ் கணக்குல, அந்த வருஷம் தன் கையில இருந்து கட்டுன சொத்து வரியை வாடகை வருமானத்துல கழிச்சிக்கலாம், கீழக்கரை பக்கம் வெளிநாட்டுல இருக்குற பல பேரு இதை விட்டுடுறாங்க. சொந்தமா குடியிருக்குற வீட்டுக்கு அந்தக் கழிவு கெடையாது.

இன்னொண்ணு, கடற்கரையோரம் புறம்போக்குல வீடு கட்டுனவங்க பல பேரு வரி ரசீதை பத்திரமா லேமினேட் பண்ணி வச்சிக்கிட்டு அதான் பட்டான்னு நெனக்கிறாங்க. வரி ரசீதை வச்சு கரண்ட் கனெக்ஷன் வாங்கலாம், மண்ணு நம்மதுன்னு அது சொல்லாது, அதுக்கு வருவாய்த்துறை பட்டாதான் வேணும்.

அடுத்த தடவை எழுதுறப்போ தலைப்புலயே நகராட்சி சொத்து வரின்னோ ஊராட்சி வீட்டு வரின்னோ பிரிச்சுப் போடுங்க சார். ஏப்ரல், அக்டோபர் பொறந்ததும் அந்த 30 நாள் கெடுவை மொதப் பக்கத்துல சின்னதா ஒரு கட்டம் கட்டிப் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராமேஸ்வரம்.