கொள்முதல் நிலையத்துக்குப் புதிதாக வரும் பட்டியல் எழுத்தர்களுக்கு

தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

சம்பா அறுவடை தொடங்கியதும் தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் நெல் கொள்முதல் மேசைகளில் உட்காரப் போகிறீர்கள். ஈரப்பதம் பார்க்கவும் பட்டியல் (பில்) போடவும் சொல்லித் தந்திருப்பார்கள். ஆட்களோடு பழகுவதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதே மேசையில் உட்கார்ந்தவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறோம்.

சிரித்த முகமாக இருங்கள் என்று சொல்ல மாட்டோம். கொட்டி வைத்த நெல் மழையில் நனையும்போது சிரிக்கிற எழுத்தரைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். செய்வதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். உங்கள் படபடப்பும் அதில்தான் அடங்கும்.

சண்டை பெரும்பாலும் ஈரப்பதத்தில்தான் மூளும். ஈரப்பதமானியின் முகம் உங்கள் பக்கம் இருந்தால், எதிரில் நிற்பவர் எண்ணைப் பார்க்க முடியாமல் உங்கள் முகத்தைப் படிப்பார். முதலில் அதை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் கைப்பிடி எடுத்துக் கலந்து, பதர் நீக்கி, மானியின் கிண்ணத்தை அழுத்தாமல் எப்போதும் ஒரே அளவுக்கு நிரப்புங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரியைச் சத்தமாகச் சொல்லுங்கள். வெயிலில் காய்ந்து சூடாக இருக்கும் நெல்லை நிழலில் ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். சூட்டில் எண் பிசகும். விடியற்காலைப் பனி படிந்த மேல்நெல்லும் கூடுதலாகக் காட்டும்.

“இது தேறாது” என்று சொல்லி முடிக்காதீர்கள். “ஈரப்பதம் 19 சதவீதம் காட்டுதுங்க, 17 வரைக்கும்தான் எடுக்கலாம். 40 கிலோ மூட்டைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ தண்ணி கூடுதலா இருக்கு. மெலிசாப் பரப்பிக் கிளறி விட்டுட்டு சாயங்காலம் கொண்டாங்க, உங்க வரிசை போகாது” என்று சொல்லுங்கள். சொன்ன கையோடு டோக்கன் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் விட்டால் சாயங்காலம் வரிசைக்காக இரண்டாவது சண்டை வரும். அந்த 17 நீங்கள் வைத்த வரம்பு அல்ல, மத்திய அரசு வைத்தது. மழை ஆண்டுகளில் தளர்வு கிடைத்ததுண்டு, ஆனால் உத்தரவு கைக்கு வரும் முன்னே வாக்குக் கொடுக்காதீர்கள்.

காரில் வருபவருக்கு “வாங்கய்யா”, குத்தகைக்குப் பயிரிட்டு டயர் வண்டியில் கொண்டுவருபவருக்கு “என்னய்யா, கொண்டா” என்பது நம் பக்கத்துப் பழைய நோய். எல்லோருக்கும் “வாங்க”தான். வயதைப் பார்த்து ஐயா, அண்ணே, அக்கா, அம்மா. சுமைதூக்குபவர்களின் பெயரை முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு பெயரோடு அண்ணன் சேர்த்துக் கூப்பிடுங்கள். அவர்கள் முறைத்துக்கொண்டால் எடை போடும் வேலை நின்றுவிடும்.

கரும்பலகை ஒன்று இருந்தால் உங்கள் தொண்டை பிழைக்கும். சாக்கு இருப்பு எவ்வளவு, இன்று எந்த எண் வரை எடுப்போம், லாரி வருமா என்ற மூன்றையும் காலையிலேயே எழுதுங்கள். நெட் போனால் போன நிமிடமே சொல்லுங்கள். சாப்பிடப் போகும்போதும் அப்படித்தான்: “இருபது நிமிஷத்துல வந்துடறேன்”. சொல்லாமல் எழுந்து போன ஐந்து நிமிடத்துக்குத்தான் ஏச்சு விழும்.

ஒருவர் கத்தினால் எழுந்து நிற்காதீர்கள். இருவரும் நின்றால் கூட்டம் சேரும். மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்டு வையுங்கள். உட்காரச் சொல்லி, பாதியில் இருக்கும் பட்டியலை முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

லாரி வராமல் மூட்டை தேங்கும் நாளில் இதெல்லாம் போதாது. மண்டல அலுவலகத்துக்கு விவசாயிகள் முன்னாலேயே போன் போடுங்கள். வந்த பதிலை, கசப்பாக இருந்தாலும், அப்படியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டாரத்துப் பழைய பட்டியல் எழுத்தர்கள்