எச்டிஎம்எல்லைத் தாளில் மட்டும் எழுதத் தெரிந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் 22 வருடமாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பில் புக் எல்லாம் டிசைன் செய்து ஆஃப்செட்டுக்கு அனுப்புவதுதான் தொழில். கொஞ்ச வருடமாக இதோடு சின்னக் கடைகளுக்கு இணையதளம், வாட்ஸ்அப்பில் அனுப்ப விளம்பரப் படம், இன்ஸ்டாகிராமுக்கு ஒரு நிமிட வீடியோ என்று கேட்டு வருகிறார்கள், இப்போது என் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அதில்தான் வருகிறது. வேலை நிறைய இருக்கிறது. செய்யத் தெரிந்த பிள்ளைகள் கிடைப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மே மாதம் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் 96 மார்க். எனக்கு சந்தோஷம், உடனே சீட்டில் உட்கார வைத்து, ஒரு மளிகைக் கடைக்கு ஒரே ஒரு பக்கம் செய்து காட்டம்மா, பெயர், முகவரி, போன் நம்பர், மூன்று போட்டோ, அவ்வளவு போதும் என்றேன். அவள் கீபோர்டைத் தொடவில்லை. பேனா கேட்டாள். வெள்ளைத் தாளில் இணையப் பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல் குறியீடு முழுவதையும் எழுதினாள், திறந்த குறியை எல்லாம் சரியாக மூடி, ஒரு பிழை இல்லாமல், கையெழுத்துகூட அவ்வளவு அழகு. சரி, இதை டைப் செய்து பிரவுசரில் காட்டு என்றபோதுதான் திகைத்துப் போனாள். எந்த மென்பொருளில் அடிப்பது, கோப்பை என்ன பெயரில் சேமிப்பது, போட்டோவை எங்கே வைத்தால் பக்கத்தில் தெரியும், எதுவும் தெரியவில்லை. "லேப்ல ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் உட்காருவோம் அண்ணாச்சி, மவுஸ் என் கைக்கு வந்ததே இல்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாடம் நடத்தியவர்களையும் குறை சொல்ல மாட்டேன். தேர்வில் 70 மதிப்பெண் எழுத்துக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு என்று இருக்கும்போது எந்த ஆசிரியரும் எழுத்துக்குத்தான் பிள்ளைகளைத் தயார் செய்வார். இணையப் பக்கம் செய்வது கைவேலை, சமையல் மாதிரி, தையல் மாதிரி. தையல் படிப்பில் சேர்ந்த பெண்ணை ரவிக்கை வெட்டச் சொல்லாமல் ரவிக்கை வெட்டும் முறையைப் பத்து வரியில் எழுதச் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? கணினியில் மட்டும் அது எப்படி நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பாடநூலே மோசம் என்று சொல்ல வரவில்லை. 2018ல் வந்த 11ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். எச்டிஎம்எல், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ், பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் தமிழிலேயே விளக்கியிருக்கிறார்கள், தமிழ்க் கணிமை பற்றிக்கூட ஒரு பாடம் இருக்கிறது. உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் மறு வருடம் வந்த 12ஆம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான அடோபி பேஜ்மேக்கர். நான் தொழில் பழகியதே பேஜ்மேக்கரில்தான், அதன் மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001ல். அடோபி நிறுவனமே 2004ல் அதை மேம்படுத்துவதை நிறுத்திவிட்டது, அதற்குப் பதிலாக இன்டிசைனை 1999லேயே கொண்டுவந்துவிட்டது. புத்தகம் படிக்கிற பிள்ளை பிறப்பதற்கு முன்பே நின்றுபோன மென்பொருள் அது.

பழசு என்பது மட்டும் பிரச்சினை இல்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறை, தெரியாது. அதில் தமிழ் அடிக்க வேண்டுமென்றால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு வேண்டும். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்திருப்பார்கள், உள்ளே இருப்பது ஆங்கிலம்தான். பாமினியில் 'அம்மா' என்று அடித்துவிட்டு எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். அச்சடித்தால் தமிழாகத் தெரியும், இணையத்தில் ஏற்றினால் கூகுளில் தேடினாலும் கிடைக்காது, பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதைத் தமிழாகப் படிக்காது. எங்கள் ஊரில் எத்தனையோ வருட உழைப்பு இப்படித்தான் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது, ஒரு பழைய விலைப்பட்டியலை இணையத்தில் போட வேண்டுமென்றால் எழுத்துரு மாற்றும் மென்பொருளை வைத்து மாற்றி, பிறகு வரி வரியாகப் பிழை பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழக அரசே 2010ல் யூனிகோடை ஏற்று அரசாணை போட்டுவிட்ட பிறகு, தமிழுக்கு யூனிகோடு தெரியாத மென்பொருளில் ஏன் பிள்ளைகளைப் பழக்க வேண்டும்?

என் கோரிக்கை இதுதான். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் டிஜிட்டல் மீடியாவும் வெப் டிசைனும் ஒரு தனித் தொழிற்கல்விப் பிரிவாக வர வேண்டும், அதில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி பிள்ளை செய்த வேலைக்குக் கிடைக்க வேண்டும்.

தொழிற்கல்வி நம் மாநிலத்துக்குப் புதிது இல்லை. 1978ல் பிளஸ் டூ வந்தபோதே அதுவும் வந்துவிட்டது. நானே அந்த வழியில் வந்தவன்தான், அலுவலக மேலாண்மையும் செயலியலும் படித்தேன். அங்கே கற்ற தமிழ்த் தட்டச்சுதான் என்னை டிடிபி வேலைக்குக் கொண்டுபோய் விட்டது. எங்கள் தட்டச்சு ஆசிரியர் விரல் எந்தக் கட்டையில் இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று பார்ப்பார், தப்பாக அடித்தால் தாளை உருவிவிட்டு வேறு தாள் போடச் சொல்வார். இரண்டு வருடமும் கை வேலை செய்துகொண்டே இருந்தது. அந்த மாதிரிப் படிப்பைத்தான் கேட்கிறேன். இன்று பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடாமல் பிரிவையே மூடிவிடுகிறார்கள். இருக்கிற பிரிவுகளிலும் பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்த பிள்ளைகளைத்தான் தள்ளுகிறார்கள், "வொக்கேஷனல் குரூப்பா" என்று சொந்தக்காரர்கள் இழுக்கிற இழுப்பை நானும் கேட்டிருக்கிறேன். இந்தப் புதுப் பிரிவையும் அப்படி ஆக்கிவிடக் கூடாது. எது அழகு என்று பார்க்கும் கண் உள்ள பிள்ளை, தமிழ் நன்றாக எழுதும் பிள்ளை, படம் வரையும் பிள்ளை, இவர்களெல்லாம் விரும்பிச் சேர வேண்டிய படிப்பு இது.

ஐடிஐயில் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கோபா என்கிற கணினிப் பயிற்சி இருக்கிறது, டிடிபி ஆபரேட்டர் பயிற்சியும் இருக்கிறது, நல்ல படிப்புகள்தான். ஆனால் பிளஸ் டூ சான்றிதழும் வேண்டும், தொழிலும் வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு, குறிப்பாக வெளியூருக்கு அனுப்ப வீட்டில் தயங்குகிற பெண் பிள்ளைக்கு, தெருமுனையில் இருக்கும் அரசுப் பள்ளிதான் வழி. சிபிஎஸ்இ பள்ளிகளில் 11, 12 வகுப்புகளுக்கு வெப் அப்ளிகேஷன் என்று ஒரு திறன் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அது இல்லாமல் போக வேண்டும்?

என்ன சொல்லிக் கொடுக்கலாம் என்பதிலும் தொழிலில் இருப்பவனாக எனக்குச் சில எண்ணங்கள் உண்டு. முதலில் கண் பழக வேண்டும். போனில் ஒரு பொருளை எந்த வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுப்பது, எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஒரு மாதம் அதை மட்டுமே செய்யலாம். அப்புறம் நிறம். திரையில் பளிச்சென்று தெரிகிற பச்சை அச்சில் மங்கிப்போகும், ஏனென்றால் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. இது தெரியாமல் இன்ஸ்டாகிராம் படத்தை அப்படியே லேபிளுக்கு அனுப்பி, பிளேட் போட்டு, அச்சும் முடிந்த பிறகு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும். ஆங்கிலத்துக்கு என்று செய்த டிசைனில் தமிழைப் போட்டால் அப்படியே உட்காராது. நம் எழுத்துக்கு மேலே கொக்கி இருக்கிறது, கீழே சுழி இருக்கிறது. வரிக்கும் வரிக்கும் நடுவே இடம் கொஞ்சம் கூடுதலாக விடாவிட்டால் 'ரீ'யின் மேல்சுழியும் 'மு'வின் கீழ்ச்சுழியும் ஒன்றோடொன்று முட்டும், சின்ன பட்டனுக்குள் போட்டால் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். நம் சொற்களும் நீளம். 'தொடர்புகொள்ளவேண்டியவர்' என்று சேர்த்து எழுதினால் போன் திரையில் வரியைத் தாண்டி ஓடிவிடும், அங்கே சொல்லைப் பிரித்து எழுதவோ வேறு சொல் போடவோ தெரிந்திருக்க வேண்டும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய வகுப்பு இது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று நல்ல யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே, திறந்த உரிமத்தோடு கிடைக்கின்றன, பள்ளிக்கு ஒரு பைசா செலவில்லை. மென்பொருளும் அப்படித்தான். படத்துக்கு ஜிம்ப், வரைவதற்கு இங்க்ஸ்கேப், பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ், அசைபடத்துக்கு பிளெண்டர், எல்லாமே இலவசம். திருட்டு மென்பொருளில் தொழில் பழகிய தலைமுறை எங்களுடையது, அடுத்த தலைமுறைக்கு அந்தத் தேவை இல்லை. கூகுளில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டக் கூடாது, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதையும் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம்தான் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ். அதையும் திரையில் அடித்து, தப்பாகி, ஏன் தப்பானது என்று தேடித் தேடிக் கற்க வேண்டும். செய்த பக்கத்தை உண்மையிலேயே இணையத்தில் ஏற்றி, வீட்டில் அம்மாவின் போனில் திறந்து காட்டுகிற வரைக்கும் அந்தப் பாடம் முடிந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இப்போதுதான் கேன்வா இருக்கிறதே, ஏஐ இருக்கிறதே, சொன்னால் செய்துவிடுமே, பிறகு எதற்கு இரண்டு வருடப் படிப்பு என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன், வேலை வேகமாக முடிகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏஐ செய்து கொடுத்த படத்தில் 'தீபாவளி' என்ற சொல் எழுத்தே இல்லாத ஏதோ கோடுகளாக வந்ததை அப்படியே ஸ்டேட்டஸில் போட்ட கடைக்காரரை எனக்குத் தெரியும். கருவி எது கொடுத்தாலும் இது சரி, இது தப்பு, இது நம் கடைக்கு வரும் பாட்டிக்குப் புரியாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் பள்ளி உருவாக்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் மெனுக்களை மனப்பாடம் செய்தவரை இல்லை, அந்த மெனு அடுத்த வருடமே மாறிவிடும்.

தேர்வு விஷயத்தில் மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் அது மாறாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு வருடத்தில் செய்த வேலைகளை ஒரு தொகுப்பாக வைத்திருக்கட்டும், சொந்த ஊர்க் கடைக்குச் செய்த ஒரு இணையதளமாவது அதில் இருக்கட்டும். தேர்வன்று வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் அதைப் பார்த்து, ஏன் இந்த நிறம், ஏன் இந்த எழுத்து, இந்தப் படம் யாருடையது என்று கேட்கட்டும். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து மூன்று மணி நேரத்தில் ஒரு சின்ன வேலை செய்யச் சொல்லட்டும். ஜெர்மனியில் 1998ல் அச்சுக்கோப்பு போன்ற பழைய அச்சுத் தொழில்களின் பயிற்சிகளை ஒன்றாக்கி, அச்சுக்கும் டிஜிட்டலுக்கும் சேர்த்து ஒரே தொழிற்பயிற்சியாக்கினார்கள். மூன்று வருடம், ஒரு பக்கம் நிறுவனத்தில் வேலை, இன்னொரு பக்கம் தொழிற்பள்ளியில் படிப்பு. அச்சுத் தொழிலாளி வேலை இழக்காமல் திரைக்கு மாற அது ஒரு பாலம். சிவகாசி மாதிரி ஒரு ஊருக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தெரியவில்லை, இங்கே தெருவுக்குத் தெரு அச்சகமும் டிசைன் கடையும் இருக்கின்றன, பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் வந்து பழக இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஆசிரியர் பணியிடம் போடாமல் இது எதுவும் நடக்காது, அதையும் கல்வித் துறை கவனிக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் ஒருவரை வைத்துவிட்டு, தொழிலில் இருப்பவர்களை வாரத்தில் சில மணி நேரம் அழைத்துக்கொள்ளலாம், அழைத்தால் வர எங்களில் பலர் தயார். ஆனால் ஆசிரியருக்குப் பதிலாக எங்களை வைத்து ஒப்பேற்றிவிடக் கூடாது.

அந்தப் பெண் இப்போது என் கடையில்தான் வேலை பார்க்கிறாள். முதல் மாதம் முழுக்க அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கிக் கொடுத்தேன். மளிகைக் கடைப் பக்கத்தை ஒன்பதாவது நாள் முடித்தாள். எந்த அரசுப் பள்ளியாவது இந்தப் பிரிவைத் தொடங்குவதானால், சனிக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் என் கடையில் மூன்று கம்ப்யூட்டர் காலியாக இருக்கும், பிள்ளைகளை அனுப்பலாம். கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
டிடிபி சென்டர் நடத்தும் வாசகர்,
சிவகாசி