அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்

தமிழில் சிறுவர் புத்தகம் எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4. ராத்திரி ஒன்பது மணிக்குப் பாயை விரித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். யாராவது ஒரு கதை படித்துக் காட்டாமல் ஒன்றுகூடக் கண் மூடாது.

எங்கள் வீட்டில் அதிகம் கேட்கப்படும் கதை, தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. உங்களுக்குத் தெரியாதது இல்லை. வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குப் பேர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது. அது தாயைக் கேள் என்கிறது. தாய்ப்பசு மேய்க்கிற ஆயனைக் காட்டுகிறது, ஆயன் கைக்கோலைக் காட்டுகிறான். இப்படியே மரம், கொக்கு, குளம், மீன், வலையன் என்று நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு முறையும் “கொழு கொழு கன்றே” என்று முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். “தாயை மேய்க்கும் ஆயா” என்று வந்ததும் சின்னவன் எழுந்து உட்கார்ந்து என் மாமியாரைப் பார்ப்பான். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். “ஆயா, நீ மாடு மேய்ச்சியா?” என்று தினமும் கேட்பான். அவரும் தினமும் “ஆமாண்டா ராஜா, மேய்ச்சேன்” என்பார். “மீனைப் பிடிக்கும் வலையா” என்ற இடத்தில் நான் வாயைத் திறக்கவே வேண்டாம், பிள்ளைகளே கத்திவிடும். அங்கே படுத்திருக்கும் அத்தனை பேரின் அப்பாவும் வலையன்தானே. கடைசியில் குதிரை “ஈஈஈ” என்று கனைத்து ஈக்குப் பேர் கிடைக்கும்போது முழித்துக்கொண்டிருப்பது பெரியவள் மட்டும்தான்.

இந்தக் கதையைக் கட்டியவர் யாரோ, அவருக்குக் காதைத் தெரிந்திருக்கிறது. கொக்கு வரும் இடத்தில் அசந்துபோன பிள்ளை மீன் வரும் இடத்தில் முழித்தாலும் ஒன்றையும் தவறவிடாது, ஏனென்றால் எல்லாமே திரும்ப வரும். வால் போய்க் கத்தி வந்த குரங்குக்கு ஒரு “டும் டும் டும்” இருக்கிறது. கொழுக்கட்டையின் பேர் மறந்து “அத்திரிபாச்சா” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனவன் கதையும் அப்படித்தான், வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி அந்த ஒரு சொல்லை இழுத்துச் சொன்னாலே போதும்.

நான் வாங்குகிற புதுப் புத்தகங்கள் பலவற்றில் இது இல்லை. படங்கள் அழகாக இருக்கின்றன, அதற்கு மனதார நன்றி. ஆனால் வரிகள் வாயில் நிற்கவில்லை. “சிறுவன் வியப்புற்று அவ்விடத்தை விட்டு அகன்றான்” என்பதைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் எந்தக் குரலில் படிப்பது? ரொம்ப நாள் நானே மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன், “பையன் ஆச்சரியமா பாத்துட்டு அங்கிருந்து போயிட்டான்” என்று. பெரியவள் எழுத்துக் கூட்டப் பழகியதும் அகப்பட்டுக்கொண்டேன். ஒருநாள் ராத்திரி வரியில் விரலை வைத்து, “அம்மா, இங்க ‘அகன்றான்’னுதான போட்டிருக்கு, நீ ஏன் ‘போயிட்டான்’னு படிக்கிற? பொய் சொல்றியா?” என்றாள்.

அதற்காக முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. “சென்றான்”, “கூறினான்” எல்லாம் பிள்ளைகள் காதில் விழத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல்முதலாகப் பாடப் புத்தகத்தைத் திறந்தபோது அந்தச் சொற்கள் என் மகளுக்குப் புதிதாக இல்லை, பாயில் படுத்துக் கேட்டவைதான். கதையை எளிய எழுத்துத் தமிழில் நடத்துங்கள், பாத்திரங்கள் வாய் திறக்கும்போது மட்டும் பேசுகிற மாதிரிப் பேச விடுங்கள். குரங்கு நரியிடம் “நீ எங்கே செல்கின்றாய்?” என்று கேட்க வேண்டாம்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமானது. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும்தான் ராத்திரி தவறாமல் வீட்டில் இருப்பார். பிள்ளைகளுக்கு அது நைனா கதை சொல்லும் காலம். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. போன தடைக்காலத்தில் புத்தகத்தை எடுத்தவர், “மரத்தின்மேலேறிக்கொண்டிருந்தவனைப்பார்த்து” என்று ஒரே கோவையாக இருந்த வரியில் மாட்டிக்கொண்டார். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று தெரியவில்லை. இரண்டு முறை முயன்றார். பிள்ளைகள் பொறுமையாகத்தான் காத்திருந்தன. அவர் புத்தகத்தை மூடி என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கடலில் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வழி சொல்கிற மனிதர் அவர். பிரித்து அச்சடிக்காத ஒரு வரி அவரைப் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சொற்களைப் பிரித்துப் போடுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். படத்தின் மேலேயே எழுத்தை ஓட விடாதீர்கள், எங்கள் வீட்டு மங்கல் வெளிச்சத்தில் அது கண்ணுக்குப் படுவதில்லை. வழவழ தாளும் வேண்டாம். விளக்கு பட்டுப் பளபளக்கிறது, கடல் காற்றின் ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சாதாரணத் தாளில் போட்டால் விலையும் குறையுமே.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நல்ல வேலை. ஆனால் அவை பிள்ளை தானாகப் படிப்பதற்கு. இரண்டு வரி படிக்கத் திணறும் பிள்ளையால் பத்துப் பக்கக் கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியும். காது எப்போதும் கண்ணுக்கு முன்னால் ஓடுகிறது. பெரியவர் படிக்க, பிள்ளை கேட்க என்று மனதில் வைத்துச் செய்த புத்தகங்கள்தான் எனக்கு வேண்டும்.

கதை முடிந்த பிறகு “நீதி” என்று ஒரு பெட்டி கட்டிப் போடுவதையும் விட்டுவிடுங்கள். பாதி மூடிய கண்ணோடு சின்னவன், “கதை முடிஞ்சிடுச்சாம்மா, பாடமும் இருக்கா?” என்று கேட்கிறான்.

போன ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போயிருந்தேன். இப்போது தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம், பிள்ளைகளோடு போவது சுலபமாகிவிட்டது. ஒரு கடையில், “ராத்திரியில 4 வயசுப் பிள்ளைக்குப் படிச்சுக் காட்ட என்ன இருக்கு?” என்று கேட்டேன். பேச்சுப் போட்டிக்கு ஆகும் என்று சொல்லி ஒரு நீதிக்கதைத் தொகுப்பை எடுத்துக் கொடுத்தார்கள். போட்டிக்கு இல்லீங்க, தூங்க வைக்க என்றேன். அப்படித் தனியாக எதுவும் இல்லை என்றார்கள்.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன்னால் அந்தப் பிரதியை ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் கையில் கொடுத்து, எதிரே ஒரு பிள்ளையை உட்கார வைத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள். ஆள் கிடைக்கவில்லையென்றால் தடைக்காலத்தில் காசிமேட்டுக்கு வாருங்கள். வலை பின்னிக்கொண்டு நிறைய அப்பாக்கள் கரையில்தான் இருப்பார்கள்.

வருகிற ஜனவரியில் மறுபடி வருவேன், இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டு. உங்கள் கடையில் நின்று முதல் இரண்டு பக்கத்தை அவர் படித்துப் பார்ப்பார். நிற்காமல் படித்துவிட்டால் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஓர் அம்மா