டிரம்பெட் ஊதியவரைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் ஐம்பதுகளின் இந்திப் பாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 'அல்பேலா' (1951) படத்துக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்திருந்தீர்கள். லதா மங்கேஷ்கர் இருந்தார், இசையமைத்த சி. ராம்சந்திரா இருந்தார், ஆடிய பகவான் தாதா இருந்தார். டிரம்பெட் ஊதியவரைத்தான் காணோம்.

கட்டுரையாளர் மேல் தப்பில்லை. 'ஷோலா ஜோ பட்கே' பாட்டின் பழைய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. பாடியவர்கள் லதா, சிதல்கர் என்று போட்டிருக்கும். அந்தச் சிதல்கரும் ராம்சந்திராவேதான். பாடும்போது குடும்பப் பெயரில் பாடுவார். ஆக, ஒரே ஆளை இரண்டு பெயரில் போட லேபிளில் இடம் இருந்திருக்கிறது, வாசித்தவர்களுக்கு ஒரு மூலைகூட இல்லை. இத்தனைக்கும் அந்த டிரம்பெட்காரர் படத்திலேயே இருக்கிறார். 'தீவானா பர்வானா' பாட்டில் சுருக்கு வைத்த சட்டையோடு ஒரு பேண்ட் குழு தெரியும், பாருங்கள். அது அவருடைய குழு.

அவர் பெயர் சிக் சாக்லேட். நிஜப் பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். 1916-இல் கோவாவில் அல்டோனா என்ற ஊரில் பிறந்தவர். போர்த்துகீசியர் காலத்து கோவாவில் தேவாலயத்தை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அந்தப் படிப்பை நம்பிப் பம்பாய்க்கு வந்த எத்தனையோ பேரில் இவரும் ஒருவர். 1935-இல் லியோன் அபே என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் மஹால் ஹோட்டலில் வாசித்தார். அவருக்குப் பின்னால் வந்த பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட், சிகாகோவில் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் இருந்தவர்; 1945-இல் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்துபோனார். இப்படிப்பட்டவர்களைப் பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் கோவாக்காரர்கள் ஜாஸ் என்ற அமெரிக்க இசையை எடுத்துக்கொண்டார்கள். நாற்பதுகளில் சிக் தாஜில் சொந்தக் குழு வைத்து வாசித்தார். 'இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்' என்றார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் கைக்குட்டையையும் சேர்த்துத்தான்! அப்புறம் பம்பாயில் மதுவிலக்கு வந்தது. ஹோட்டல் நடனங்கள் மங்கிப்போக, இவர்களில் பலருக்கு சினிமா ஸ்டூடியோதான் சோறு போட்டது.

இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். ராம்சந்திரா இசையமைப்பாளராக ஆரம்பித்ததே தமிழ்ப் படங்களில்தான். தவமணி தேவி நடித்த 'வனமோகினி'க்கு (1941) இசை அவர், இயக்கம் இதே பகவான்.

நான் பம்பாயில் ரயில்வே கணக்குப் பிரிவில் சேர்ந்தது 1979-இல். சிக் சாக்லேட் இறந்து அதற்குள் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் கோவாக்காரர். ஒரு கிறிஸ்துமஸுக்கு பாந்திராவில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, பெட்டியிலிருந்து சிக்கின் இசைத்தட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். மாயவரம் பக்கத்தில் நாயனம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, மூச்சு முடியப்போகிற நேரத்தில் வழுக்கிக் கீழே இறங்கினார் பாருங்கள், கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். தோடியும் இல்லை, கல்யாணியும் இல்லை. ஆனால் மூச்சு மூச்சுதானே.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை விடியற்காலையில் டோம்பிவிலியில் முதல் லோக்கலைப் பிடித்து, பழைய சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போவேன். வேலை நேரத்துக்குள் வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட வேண்டும். சினிமா பிளேட்டுகள் குவியல் குவியலாகக் கிடைக்கும். சிக் 'மியூசிக் மேக்கர்ஸ்' என்ற தன் குழுவின் பெயரில் கொலம்பியா கம்பெனிக்கு நாற்பதுகளில் கொடுத்த நடன இசைத்தட்டுகள்தான் கிடைக்காது. சினிமாப் பாட்டை ஊரே வாங்கியது. இதை யார் வாங்கியிருப்பார்கள்? ஹோட்டலுக்குப் போகிறவர்கள், யுத்த காலத்தில் வந்த சிப்பாய்கள் என்று நானாக நினைத்துக்கொள்வேன். இருபத்தைந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்தவை நான்கே நான்கு. ஒன்று, கல்யாண் லோக்கலில் நெஞ்சோடு அணைத்து நின்றபோதே கூட்டத்தில் இரண்டாகப் போனது.

இன்னொன்றை நானே கொன்றேன். அழுக்காக இருந்ததே என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பானது. அழுக்கு வருகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். வந்தது அழுக்கு இல்லை, தட்டு. 78 தட்டு அரக்கில் செய்வது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். எந்தத் தச்சரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார், அவர்கள் பாலிஷ் போடுவதே அந்தக் கரைசலால்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, லேபிள் நனையக் கூடாது, நிறுத்தி வைத்து உலர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு தட்டை விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

மிஞ்சிய இரண்டும் தேய்ந்தவை. இரும்பு முள்ளை மாற்றாமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால், சத்தம் ஓங்கும் இடத்தில்தான் முள் அதிகம் ஆடும், அங்கேதான் பள்ளம் முதலில் தேயும். பின்னணியில் பியானோவும் டிரம்ஸும் சுமாராகக் கேட்கின்றன. சிக் உச்சிக்குப் போகும்போது மட்டும் வெறும் இரைச்சல். அவருக்காகவே வாங்கிய தட்டில் அவர்தான் கேட்பதில்லை. அந்த இடம் வரும்போது எழுந்துபோய் 'அல்பேலா'வைப் போட்டுக் கேட்பேன், வேறென்ன செய்வது?

இந்தக் கடிதம் எழுதக் காரணம் இதுதான். பம்பாய், பூனா, கல்கத்தாவில் வேலை பார்த்துத் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பரணில் கிராமபோன் பிளேட்டுகள் இருந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் லேபிளை ஒரு முறை பாருங்கள். கொலம்பியா முத்திரை, ஆங்கிலத்தில் 'சிக்', 'மியூசிக் மேக்கர்ஸ்' என்ற சொற்கள், பாட்டின் பெயருக்குக் கீழே 'ஃபாக்ஸ்டிராட்' அல்லது 'ரம்பா' என்று நடன வகை. இருந்தால் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியர் எனக்குத் தெரிவிப்பார் என்று நம்புகிறேன். விலைக்குக் கேட்கவில்லை. தட்டு உங்களிடமே இருக்கட்டும், நல்ல முள் போட்ட பிளேயரோடு நானே நேரில் வந்து பதிவு செய்துகொண்டு போகிறேன். தயவுசெய்து தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கர்,
மயிலாடுதுறை