ஏக்கருக்கு இருநூறு மூட்டை

தஞ்சாவூர்
18.11.2025

அன்புள்ள மாப்ளே,

நான் ஊர் திரும்புவதற்கு முன்பே உன் கடிதம் வந்து கதவிடுக்கில் கிடந்தது. ஜப்பானில், செண்டாய் நகரத்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் வந்தேன். அந்தக் குளிர் என் முழங்காலுக்கு ஆகவில்லை. பேரன் தமிழை ஜப்பான் ராகத்தில் பேசுகிறான். கேட்டால் சிரிப்பு வரும், திருத்த மனசு வராது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மூடிக்கிடக்கும் தோல் ஷாப்பை, அதுதான் அந்தத் தோல் பதனிடும் ஆலையை, ஒட்டிய இரண்டு ஏக்கர் மலிவாக வருகிறது, மேலே ஓரடி மண்ணை வழித்தெடுத்துவிட்டுக் கண்மாய் வண்டல் அடித்தால் தென்னை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தைந்து வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்தவன் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் போன மாதம் பார்த்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்லாமல் பதில் எழுதக் கை வரவில்லை.

ஈட்டாட்டே என்று ஒரு மலைக்கிராமம். ஃபுகுஷிமா அணு உலையிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. 2011 மார்ச் 11 சுனாமியில் உலை கெட்டபோது, இவ்வளவு தூரம் ஆபத்து வரும் என்று ஊரில் யாரும் நினைக்கவில்லை. 15ஆம் தேதி காற்று வடமேற்கே திரும்பியது, கூடவே மழையும் பனியும். காற்றில் வந்ததெல்லாம் வயலிலும் காட்டிலும் இறங்கிவிட்டது. ஆறாயிரம் பேர் மாடு கன்றுகளை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். 2017 மார்ச் கடைசியில்தான் திரும்பி வரலாம் என்றது அரசு. அப்போதும் நாகாடோரோ என்ற ஒரு பகுதிக்கு அனுமதி இல்லை.

இடைப்பட்ட ஆறு வருஷமும் மண்ணோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உலையிலிருந்து வந்த கதிரியக்கச் சீசியம் களிமண்ணைப் பிடித்தால் விடாது. களியில் இருக்கும் மைக்காத் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான். ஆழத்துக்கு இறங்காமல் பெரும்பங்கு மேலே ஐந்து செ.மீ.க்குள் நின்றுவிட்டது. எதைப் போட்டு அலசினாலும் வெளியே வரவும் இல்லை. முதல் கோடையில் சூரியகாந்தி போட்டுப் பார்த்தார்கள், அது உறிஞ்சிவிடும் என்று அப்போது உலகமே பேசிக்கொண்டிருந்தது. அறுத்து அளந்தால், மண்ணில் இருந்ததில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் செடிக்குள் போயிருந்தது! நம் பக்கமும் நிலம் கெட்டுவிட்டது என்றால் உடனே வெட்டிவேர் நடச் சொல்கிற ஆட்கள் உண்டு. வெட்டிவேரைக் குறை சொல்லவில்லை, கரை அரிக்காமல் மண்ணைப் பிடித்து வைக்க அதற்கு ஈடு கிடையாது. உலோகத்தையெல்லாம் அது குடித்துத் தீர்த்துவிடும் என்று மட்டும் நம்பாதே.

கடைசியில் அரசு எடுத்த வழி, நீ யோசிக்கிற அதே வழிதான். மேலே ஐந்து செ.மீ.யை வழித்து, ஒரு கன மீட்டர் கொள்ளும் கறுப்பு மூட்டைகளில் கட்டிவிட்டு, மலையை வெட்டி எடுத்த மணல்மண்ணைக் கொண்டுவந்து பரப்பினார்கள். ஏக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இருநூறு மூட்டை வருகிறது.

அங்கே ஒரு விவசாயியைப் பார்த்தோம். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மகள் மொழிபெயர்த்தாள், ஆனால் அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி என் கையில் வைத்தபோது மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வெளுத்த கருங்கல் மணல். பிடித்தால் உருண்டை நிற்கவில்லை. மணலோடு கல்லும் சேர்ந்து வந்ததாம், டிராக்டர் கலப்பை தேய்கிறது என்றார். வழித்தெடுத்தார்களே அந்த ஐந்து செ.மீ., அதில்தான் அவர் வீட்டு மாடுகள் ஐம்பது வருஷமாகப் போட்ட எரு இருந்தது. இப்போது மறுபடி தொழுவுரத்திலிருந்து ஆரம்பிக்கிறார். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, டீ கொடுத்தார்.

மண்ணை வழிக்காமல் வேறு வழி தேடியவர்களும் இருந்தார்கள். இதைக் கேட்டால் நீ துள்ளிக் குதிப்பாய். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் மிசோகுச்சி என்று ஒரு மண் பேராசிரியர், ஊர்க்காரர்களோடு சேர்ந்து வயலுக்குத் தண்ணீர் கட்டி, பழைய கைக் களைக்கருவியை உருட்டிச் சேற்றைக் கலக்கினார். நம் கோனோவீடருக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள். கலங்கினால் மணல் உடனே அடியில் படியும், களிதான் தண்ணீரில் மிதந்து நிற்கும். சீசியம் இருப்பதும் களியில்தானே! அந்தக் கலங்கலை, டென்னிஸ் மைதானம் தேய்க்கிற தூரிகையால் வயலோரம் வெட்டிய குழிக்குத் தள்ளிவிட்டார்கள். தண்ணீர் இறங்கிப் போக, களி குழியிலேயே தங்கிவிட்டது, அதன் மேல் நல்ல மண் போட்டு மூடினார்கள். இன்னொரு குளிர்காலத்தில், மேல்மண் உறைந்து பலகை மாதிரி ஆனதும், அதைத் தகடு தகடாகப் பெயர்த்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பேச்சில் ‘மாடெய்’ என்று ஒரு வார்த்தை உண்டு. இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகச் செய்வது என்று அர்த்தமாம். இந்த முறைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு டெண்டர் விட வேண்டிய அரசுக்கு இதெல்லாம் தோதுப்படவில்லை.

பயிருக்குள் போகாமல் தடுக்க என்ன செய்தார்கள் தெரியுமா? பொட்டாஷ்! சீசியமும் பொட்டாசியமும் ஒரே குடும்பம், ஆள் தெரியாமல் வேர் உள்ளே விட்டுவிடும். வேண்டிய அளவு பொட்டாஷ் இருந்தால் சீசியத்தை அதிகம் சீண்டாது. ஃபுகுஷிமாவில் விளைந்த நெல்லை மூட்டை மூட்டையாகக் கருவியில் ஏற்றிப் பார்த்தார்கள். 2015 அறுவடையிலிருந்து ஒரு மூட்டைகூடக் கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற எல்லையைத் தாண்டவில்லை.

காடு மட்டும் அப்படியே இருக்கிறது. ஊரில் முக்கால் பங்கு காடு. வீட்டிலிருந்து 20 மீட்டர் வரைதான் சுத்தம் செய்தார்கள். மலைக் காளானைப் பறித்து விற்க இன்னும் தடை உண்டு.

சரி, மூட்டைகள் எங்கே போயின? ஒகுமா, ஃபுதாபா என்று உலையைச் சுற்றி இருக்கும் இரண்டு ஊர்களில் 1,600 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் சுமார் 4,000 ஏக்கர், இதற்கென்று ஒதுக்கினார்கள். அதுவும் யாரோ உழுத நிலம், யாரோ குடியிருந்த வீடுதான். அங்கே 1.4 கோடி கன மீட்டர் மண் போய்ச் சேர்ந்திருக்கிறது. 2045 மார்ச்சுக்குள் அதை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். வாங்கிக்கொள்ளத்தான் எந்த ஊரும் முன்வரவில்லை. கதிர்வீச்சு குறைந்த பங்கைச் சாலைக்கும் கரைக்கும் அடியில் போடலாம் என்று சொல்லி, இந்த ஜூலையில் பிரதமர் அலுவலகத் தோட்டத்திலேயே கொஞ்சம் போட்டுக் காட்டினார்கள். நாடகம் என்றார் மருமகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வாசலில் முதலில் போட்டார்களே என்றுதான் நினைத்தேன்.

இப்போது உன் இரண்டு ஏக்கர். ஏக்கருக்கு ஓரடி என்றால் 43,560 கன அடி, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் சுமார் 435. இரண்டு ஏக்கருக்கு 870 யூனிட். மூன்று யூனிட் டிப்பர் வைத்தாலும் 290 நடை. எங்கே கொட்டுவாய்? டிப்பர்காரன் ராத்திரியில் ஏதாவது ஓடையில் தட்டிவிட்டு வருவான், அந்த ஓடைத் தண்ணீர் இன்னொருவன் கிணற்றுக்குப் போகும். நீ சுத்தம் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பாய், மாப்ளே, உண்மையில் இடம்தான் மாற்றியிருப்பாய்.

தோல் ஷாப் மண்ணில் இரண்டு சனியன் இருக்கும், உப்பு ஒன்று, குரோமியம் இன்னொன்று. தோல் பதனிடப் போடுகிற குரோமியம் மூன்றிணைதிறன் கொண்டது. சீசியம் மாதிரிதான், களியோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். மண்ணிலுள்ள மாங்கனீசு அதில் ஒரு பங்கை ஆறிணைதிறனாக மாற்றிவிட்டால்தான் வம்பு. அது விஷம், தண்ணீரோடு நகரும். நகர்கிறதைத் திரும்பக் கட்டிப்போட அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) மட்கிய எருவும் உதவும். வெளியேற்றத் தேவையில்லை, அங்கேயே முடக்கலாம். உப்புதான் உன்னை அதிகம் அலைக்கழிக்கும். நல்ல தண்ணீரும் வடிகாலும் இல்லாமல் அது இறங்காது. கிணறே உப்பாக இருந்தால் இந்த நிலத்தை மறந்துவிடு.

அதனால் முன்பணம் கொடுக்காதே. முதலில் மாதிரி எடு. தோல் ஷாப் சுவரோரம், நடுவயல், ஓடைப்பக்கம் மூன்றையும் தனித்தனியாக வை, ஒன்றாகக் கலந்துவிடாதே. ஒவ்வொன்றிலும் மேலே அரையடி ஒரு பை, அதற்குக் கீழே இரண்டடி வரை ஒரு பை. இரும்புச் சட்டியில் அள்ளாதே, பிளாஸ்டிக் வாளி போதும். நிழலில் உலர்த்து. கிணற்றுத் தண்ணீர் இரண்டு பாட்டில், விளிம்பு வரை நிரப்பி வை. வெள்ளைத் தம்ளரில் ஊற்றிப் பார், லேசாக மஞ்சள் தட்டினால் உடனே போன் போடு. அந்தத் தண்ணீரை யாரையும் குடிக்க விடாதே.

டிசம்பர் முதல் வாரம் திண்டுக்கல் வருகிறேன். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்து வா, இந்த முழங்காலோடு உன் தோட்டம் வரை நடக்க முடியாது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவளுக்கு ஒரு டப்பா ஜப்பான் பச்சைத் தேயிலை வைத்திருக்கிறேன். கசக்கும், சர்க்கரை போடக்கூடாதாம். நீ போட்டுத்தான் குடிப்பாய், தெரியும்.

உன்
மச்சான்