உப்புக்காற்றில் கிடந்த எஸ்டி

ஐயா,

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் வீட்டோரம் கிடக்கும் பழைய ஜாவா, எஸ்டி (Yezdi) மோட்டார் சைக்கிள்களைச் சரிசெய்வோர் எடுத்ததும் கிக்கரை மிதிக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து 20 மில்லி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்படியே மிதித்தால் துருவேறிய பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உட்சுவரான போரைக் கீறிவிடும்.

சேசிஸை, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தை, தேய்த்த கையோடு பெயின்ட் அடிப்பதுதான் நம் கரையோரத்தில் நடக்கும் பெரிய தவறு. உப்பு ஒட்டிய இரும்பில் பெயின்ட் கொப்பளித்து உரியும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உவர்நீர் கூடவே கூடாது. நன்றாகக் காயவைத்து அன்றே பிரைமர் அடியுங்கள்.

கிராங்க் ஆயில் சீல்களை (கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றாமல் இன்ஜினை மூடாதீர்கள். காய்ந்த சீல் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சிலிண்டர் போர் புதிதென்றால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்குங்கள்.

மைசூருவில் 1996இல் உற்பத்தி நின்ற வண்டி இந்தப் பழைய எஸ்டி. அதனால் கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

– ஒரு வாசகர், மண்டபம்